சாம்பலார் உயிர்ப்புக் குழு

ஏழாவது தடவையாகச் செத்த அன்று மந்திரவாதிக்கு மதியச் சாப்பாடு கிடைக்கவில்லை. செத்தவர்களுக்குக் கேன்டீனில் இடமில்லை என்பது அந்த நிறுவனத்தின் விதி. காலையில் ஒலிப்பதிவு அறையில் நின்று, தீயில் எரிந்து சாம்பலாகிற ஒரு கிழட்டு மந்திரவாதியின் கடைசி அலறலை அலறி முடித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிக்காரர் போதும் என்று கை காட்டினார். வெளியே வந்தால் வாசலிலேயே ஒருவர் காத்திருந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அவர் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்த நிறுவனம் வீடியோ கேம் செய்கிறது. ஒரே ஆட்டம்தான், பாகம் பாகமாக வந்துகொண்டிருக்கிறது. வாள் வைத்த ஒரு வீரன், அவனுக்கு ஒரு குதிரை, அவன் கொல்வதற்கு ஒரு மந்திரவாதி. மந்திரவாதியின் பெயர் சாம்பலார். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் எரிந்து சாம்பலாவார். அடுத்த பாகத்தில் ஏதோ ஒரு சாக்கில் எழுந்து வருவார். "என்னை யாராலும் அழிக்க முடியாது. மறுபடியும் வருவேன்" என்பது அவருடைய வசனம். அந்த வசனத்துக்கும், அதற்கு முன்னால் வருகிற சிரிப்புக்கும் சொந்தக்காரர் நம்முடைய ஆள். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இப்போது மிச்சமில்லை. தெருவில் காய்கறிக்காரர் முதற்கொண்டு எல்லோருக்கும் அவர் மந்திரவாதிதான்.

நிறுவனத்தை ஆரம்பித்தவர் ஒரு வாசகத்தைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: நாம் கதை செய்வதில்லை, கதையில் வாழ்கிறோம். வேறு வேலை இல்லாத சிலர் அதைச் சுவரில் எழுதினார்கள். அதைவிட வேலை இல்லாத சிலர் அதை விதியாக்கினார்கள். அதன்படி, பாத்திரம் செத்தால் அதற்குக் குரல் கொடுத்தவரும் பணியாளர் பட்டியலில் செத்தவர். வீரனுக்குக் குரல் கொடுப்பவர் நிரந்தர ஊழியர், ஏனென்றால் வீரன் சாவதில்லை. குதிரைக்குக் கனைப்பவர்கூட நிரந்தரம்தான். அவர் ஓய்வு பெறப்போகிறார், குதிரைக்கு வயதாகவில்லை.

சாம்பலார் ஒவ்வொரு தடவை சாகும்போதும் இரங்கல் கூட்டம் நடக்கும். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். தலைவர் பேசுவார். மந்திரவாதி கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும், பேசக் கூடாது. மூன்றாம் பாகத்து இரங்கலில் தும்மிவிட்டார் என்று அவர்மேல் விசாரணை வைத்தார்கள். செத்தவர்மேல் நடவடிக்கை எடுக்க விதியில் இடமில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். அடுத்த பாகம் முடிவாகும்வரை அவர் கடைகளுக்கு விளம்பரம் பேசியோ, ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லியோ காலத்தை ஓட்டுவார். பிறகு உயிர்ப்புக் குழு கூடி அவரை எழுப்பும். இத்தனை காலமாக இதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பிழைப்பு என்றால் எங்கேயும் கொஞ்சம் கிறுக்குத்தனம் இருக்கத்தான் செய்யும் என்று நினைத்தார்.

அவர் தொண்டையில் கோளாறு என்பதை முதலில் கண்டுபிடித்தது அவருடைய மனைவி. சில வருடங்களுக்கு முன்பு சர்க்கரை நோய் அந்த அம்மாவின் இரண்டு கண்களையும் வாங்கிக்கொண்டது. அதிலிருந்து தினமும் காலையில் மந்திரவாதி அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுவார். தலைப்புச் செய்தியில் ஆரம்பித்து வாடகைக்கு வீடு விளம்பரம் வரைக்கும் ஒன்று விடாமல் படிக்க வேண்டும். வீட்டில் அவர் எந்த மூலையில் இருக்கிறார், எந்த மனநிலையில் இருக்கிறார் என்பதெல்லாம் அந்த அம்மாவுக்கு அவர் குரலில்தான் தெரியும்.

"உங்க குரல்ல மண்ணு விழுந்த மாதிரி இருக்கு," என்றார் ஒரு நாள்.

"ஜலதோஷம்."

"பொய் சொல்றீங்க. பொய் சொன்னா கடைசில குரல் ஒரு படி இறங்கும் உங்களுக்கு. டாக்டரைப் பாருங்க."

டாக்டர் பார்த்தார். குரல் நாணில் கெட்ட கட்டி. இந்த மாதத்துக்குள் நுணுக்கமாக அறுத்து எடுத்துவிட்டால் குரல் தப்பும், தள்ளிப்போட்டால் பரவிவிடும், அப்புறம் குரல்வளையையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார். அதுவரைக்கும் மெதுவாகப் பேச வேண்டும், கத்தக் கூடாது, முக்கியமாகச் சிரிக்கக் கூடாது. அந்த நுணுக்கமான வேலையைச் செய்கிற கருவி ஒரே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தது. நிறுவனத்தின் ஒப்புதல் வந்தால் மறுநாளே தேதி தருகிறோம் என்றார்கள். சொந்தக் காசில் செய்துகொள்ள வேண்டுமானால் வீட்டை விற்க வேண்டும். அது வாடகை வீடு.

நிறுவனத்தின் ஹெச்.ஆர். அம்மா தங்கமானவர். மந்திரவாதியை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார், சொன்னதையெல்லாம் கேட்டு 'உச்' கொட்டினார்.

"ஆனா சார், நீங்க இறந்துட்டீங்களே."

"அது ஆட்டத்துல மேடம். நான் இருக்கேன், பாருங்க."

"நான் பாக்குறேன் சார். நான் பாத்தா போதுமா, சிஸ்டம் பாக்கணுமே." கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அவருடைய படத்தின்மேல் சாம்பல் நிறம் பூசியிருந்தது. "மருத்துவ உதவி உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான். இறந்தவங்களுக்கு மலர்வளையம் உண்டு. அது வேணும்னா இப்பவே தந்துடலாம், ஸ்டாக் இருக்கு."

"எனக்கு எதுக்கு மேடம் மலர்வளையம்?"

"எடுத்துக்கோங்க சார். உங்களுக்கு உரிமை உள்ளதை விடாதீங்க."

அவர் விட்டுவிட்டுத்தான் வந்தார். ஆனால் வெளியே வந்து பார்த்தால் ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் யாரோ பெரிய மனதோடு அதைக் கட்டி வைத்திருந்தார்கள். வழியெல்லாம் வண்டிகள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டன.

உயிர்ப்புக் குழுவுக்குப் போவதற்கு முன்னால் கதைத் தூய்மைத் துறையில் அனுமதி வாங்க வேண்டும். சாம்பலார் திரும்பி வருவதற்குக் கதையில் ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் முன்பே பயன்படுத்தியதாக இருக்கக் கூடாது. அதைக் காவல் காப்பதுதான் அந்தத் துறையின் வேலை. மனு கொடுப்பது சாம்பலார் என்பதால் அங்கியும் கோலும் இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்றார்கள். வாடகைக் கடையில் கறுப்பு அங்கி வாங்கிப் போட்டுக்கொண்டு, நல்ல வெயிலில், பஸ் ஏறிப் போனார் மந்திரவாதி. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஒரு குழந்தை அழுதது.

துறை அதிகாரி ஒல்லியான மனிதர். மந்திரவாதியின் முகத்தைப் பார்க்காமல் கோலின் நீளத்தைப் பார்த்தார்.

"சாம்பல்லேர்ந்து எழுந்தாச்சு. கண்ணாடிக்குள்ள ஒளிஞ்சாச்சு. கனவு வழியா வந்தாச்சு. மீன் வயித்துல உயிர் இருந்தது, மரப்பொந்துல உயிர் இருந்தது, வீரனோட செருப்புல உயிர் இருந்தது. எல்லாம் தீர்ந்துபோச்சு. இப்ப என்ன காரணத்துக்காகத் திரும்பி வர்றீங்க?"

"ஆபரேஷன் பண்ணணும் சார். தொண்டையில கட்டி."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "நோய் ஒத்துவராது. வில்லனுக்கு நோய் வந்தா ஆட்டக்காரங்க பாவம்னு நினைப்பாங்க. பாவம்னு நினைச்சா வெட்டமாட்டாங்க. வெட்டலைன்னா நம்ம எல்லாரோட குடும்பமும் என்ன சாப்பிடும்? உங்க மேல விழுற ஒவ்வொரு வெட்டுலயும்தான் சார் நாங்க வாழுறோம். அதை நாங்க மறக்குறதே இல்ல."

மந்திரவாதி நன்றி என்று சொல்லிவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்டார், "இதுக்கா இவ்வளவு யோசனை? பொண்டாட்டி கூப்பிட்டா, அதான் எழுந்து வந்தான்னு சொல்லுங்க." அவருக்கு அது பிடித்திருந்தது. மறுநாள் மறுபடியும் அங்கியை மாட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்.

"சாம்பலாருக்கு மனைவி கிடையாது," என்றார் அதிகாரி.

"எனக்கு உண்டு சார்."

"அது எங்க துறையில வராது."

கடைசியில், காரணத்தைப் பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனையின் பேரில் அனுமதி கிடைத்தது. அதற்குள் மாதத்தில் பாதி போய்விட்டது. காலையில் பேப்பர் படிக்கும்போது குரல் நடுநடுவே காணாமல் போனது. மனைவி, அது திரும்பி வரும்வரைக்கும் காத்திருப்பார்.

உயிர்ப்புக் குழு நீளமான மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. நடுவில் தலைவர், இரண்டு பக்கமும் உறுப்பினர்கள், ஓரத்தில் வீரன் தரப்புப் பிரதிநிதி. வீரனுக்குக் குரல் கொடுப்பவர் வரவில்லை, அவருக்கு அன்று கேன்டீனில் பிறந்தநாள். சாட்சிக்காக ஒலிக்காரரை மைக்கோடு உட்கார வைத்திருந்தார்கள்.

"முதல்ல அடையாளம்," என்றார் தலைவர். "நீங்க சாம்பலார்தான்னு குழு எப்படி நம்புறது? சிரிங்க."

"டாக்டர் சிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார் சார்."

"டாக்டர் உயிரோட இருக்கிறவங்களுக்குச் சொல்லியிருப்பார்."

ஒலிக்காரர் குனிந்து மைக்கைச் சரி செய்தார். மந்திரவாதி யோசித்துப் பார்த்தார். சிரிக்காவிட்டால் ஒப்புதல் இல்லை, ஒப்புதல் இல்லாவிட்டால் குரல் இல்லை. சிரித்தார்.

"ஆறாம் பாகத்துல ஒரு குரூரம் இருந்தது," என்றார் ஒரு பெண் உறுப்பினர். "இதுல களைப்புதான் தெரியுது."

மறுபடியும் சிரித்தார்.

"இப்ப வலி தெரியுது. நல்லாவே இருக்கு. ஆனா இது சாம்பலாரோட வலியா, உங்களோட வலியா?"

"என்னோடதுதான் மேடம்."

"அப்ப சரிவராதே."

இன்னொரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று கேட்டார்கள். ஒருவருக்கு ஆரம்பம் பிடித்தது, முடிவு பிடிக்கவில்லை. இன்னொருவருக்கு முடிவு மட்டும் போதும். ஓட்டெடுத்தார்கள், சரிபாதியாக நின்றது. எனவே மறுபடியும் சிரிக்கச் சொன்னார்கள். கடைசிச் சிரிப்பில் இருமல் வந்தது. கைக்குட்டையை எடுத்துப் பார்த்தபோது அதில் ரத்தம். "போதும் சார், விடுங்க," என்று எழுந்தார் ஒலிக்காரர். சாட்சிகள் அபிப்பிராயம் சொல்லக் கூடாது என்று அவரை உட்கார வைத்தார்கள். ரத்தத்தைக் கூட்டக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்றார் தலைவர்.

அடையாளம் ஒருவழியாக ஏற்கப்பட்டது. எல்லாம் முடிந்தது என்று மந்திரவாதி மூச்சு விட்ட நேரத்தில் வீரன் தரப்புப் பிரதிநிதி கையைத் தூக்கினார்.

"எங்களுக்கு ஆட்சேபணை இருக்கு. வீரன் இப்பத்தான் அவரைக் கொன்னிருக்கான். அதுக்குள்ள எழுப்பிட்டா அந்தக் கொலைக்கு என்ன மரியாதை? துக்க காலம் முடியட்டும்."

தலைவர் நெகிழ்ந்துபோனார். எழுந்து நின்று பேசினார். "நாம எல்லாரும் அவசரத்துல இருக்கோம். ஆனா ஒருத்தர் சாவுக்கு நாம நேரம் ஒதுக்கலைன்னா அப்புறம் நாம மனுஷங்களா? சாம்பலார் இந்த நிறுவனத்தோட உயிர். அவரை உயிரோட வெச்சிருக்கிறது ரொம்பச் செலவு. அதனாலதான் அவர் சாகச் சாக நாம அழுறோம், மனசார அழுறோம். இந்தத் தடவை துக்கத்தைக் குறைக்கிறதா இல்ல."

கைதட்டினார்கள். அழுத அடையாளமாகச் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துக்க காலம் முடிந்ததும் குழு மறுபடியும் கூடும் என்று தீர்மானம் போட்டார்கள். துக்க காலம் டாக்டர் சொன்ன மாதத்தைத் தாண்டிப் போய் அடுத்த மாதத்தின் கடைசியில் முடிவதாக இருந்தது.

அவ்வளவுதான். கட்டிக்குத் துக்க காலம் எல்லாம் தெரியாது, அது பாட்டுக்கு வளர்ந்தது. மந்திரவாதி பொது ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றார். அங்கே அவரை யாரும் செத்தவர் என்று சொல்லவில்லை. ஆனால் குரல்வளையை எடுத்துவிட வேண்டும், உயிர் தப்பும், பேச்சு போய்விடும் என்றார்கள். கழுத்தில் ஒரு துளை போடுவார்கள், மூச்சு அது வழியாக வரும்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அன்று காலை அவர் மனைவிக்கு எதிரில் உட்கார்ந்தார். ஒரு வாழ்நாள் பேசியாயிற்று, இன்னும் சொல்லாமல் எவ்வளவோ இருந்தது. எதை எடுத்தாலும் மிச்சம் தொண்டையில் நின்றது.

"ஏதாவது பேசணுமா?" என்று கேட்டார். பாதிக் காற்றாகத்தான் வந்தது.

"வேண்டாம். பேப்பர் படிங்க."

"இன்னிக்கா?"

"தினமும் படிக்கிற மாதிரியே படிங்க. இன்னிக்குன்னு தனியா எதுவும் வேண்டாம்."

அவர் தலைப்புச் செய்தியிலிருந்து ஆரம்பித்தார். எங்கேயோ பாலம் திறந்தார்கள், எங்கேயோ மழை வரப்போகிறது, யாரோ ஒருவரிடம் இரண்டு அறை வீடு வாடகைக்கு இருக்கிறது, நாய் வளர்ப்பவர்கள் வர வேண்டாம். அந்த அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பேப்பர் முடிந்தது. அச்சிட்ட அச்சகத்தின் விலாசத்தையும் அவர் படித்தார். அதற்கப்புறம் படிக்க ஒன்றுமில்லை. இரண்டு பேரும் அழுதார்கள்.

திரும்பி வந்த மந்திரவாதியிடம் குரல் இல்லை. கழுத்துத் துளையில் மூச்சு உஸ்ஸென்று போய் வந்தது. தன் வீட்டிலேயே அவர் திருடனைப்போல ஆகிவிட்டார். பின்னால் ஏதோ மூச்சுச் சத்தம் கேட்டு மனைவி பயந்து, கையிலிருந்த கரண்டியால் அவரை அடித்தார். அடித்த பிறகு முகத்தைத் தடவிப் பார்த்து அவர்தான் என்று தெரிந்துகொண்டார். தான் இருப்பதைக் காட்ட அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டில் தட்டினாலும் அதே சத்தம்தான். அந்த அம்மா கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டார். பதில் வராத இடத்தில் கேள்வி கேட்க அவருக்குப் பயமாக இருந்தது.

துக்க காலம் முடிந்தது. உயிர்ப்புக் குழு சொன்ன சொல் தவறாமல் கூடி, மந்திரவாதியை வரச்சொன்னது. போயிருக்க வேண்டியதில்லை. ஒருவேளை சிகிச்சைச் செலவுக்காவது ஒப்புதல் தருவார்களோ என்ற நப்பாசையில் போனார். அதே மேசை, அதே முகங்கள்.

"மறுபடியும் அடையாளம் பாக்கணும், விதி," என்றார் தலைவர். "சிரிங்க."

மந்திரவாதி கழுத்துத் துணியை விலக்கிக் காட்டினார். அறை அமைதியானது. அந்த அமைதியில் துளை வழியாக மூச்சு போய் வருகிற சத்தம் மட்டும் கேட்டது. பெண் உறுப்பினர் முன்னால் சாய்ந்தார்.

"என்ன சத்தம் அது?"

"அவர் மூச்சு விடுறார் மேடம்," என்றார் ஒலிக்காரர்.

"எனக்குப் புல்லரிக்குது."

தலைவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "ஏழு பாகமா இதைத்தான்யா தேடினோம். பேசாத சாம்பலார். மூச்சு மட்டும். இருட்டுல அந்தச் சத்தம் மட்டும் கேட்கணும். இந்தத் தடவை திரும்பி வர்றதுக்குக் காரணமும் கிடைச்சுடுச்சு, தொண்டையை வெட்டினாங்க, அப்பவும் சாகல. பாருங்க, நாம காத்திருந்தது வீண் போகல."

கதைத் தூய்மை அதிகாரியைக் கூப்பிட்டார்கள், அவர் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். வீரன் தரப்புக்கு ஆட்சேபணை இல்லை. இத்தனை மாதம் ஆன உயிர்ப்பு, டீ வருவதற்குள் முடிந்தது. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள், துளையை மறைக்காமல் பார்த்து மாட்டினார்கள். சிகிச்சைச் செலவைப் பற்றி மந்திரவாதி ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். ஹெச்.ஆர். அம்மா படித்துவிட்டுக் கனிவாகச் சொன்னார், "சார், உயிர்ப்பு இன்னிலேர்ந்துதான். ஆபரேஷன் நீங்க இறந்திருந்தப்ப நடந்தது. வேணும்னா எட்டாம் பாகத்துல சாகுறதுக்கு முன்னாடி ஏதாவது வந்தா சொல்லுங்க, கண்டிப்பா பாத்துக்கலாம்."

உயிர்த்தெழுந்தவருக்கு நினைவுப் பரிசு தருவது வழக்கம். கடைகளில் விற்கிற சாம்பலார் பொம்மை ஒன்றைக் கொடுத்தார்கள். கறுப்பு அங்கி, கையில் கோல், வயிற்றில் இரண்டு பொத்தான். ஒலிக்காரர் வாசல் வரைக்கும் கூட வந்தார். "இரண்டாம் பாகத்துல பதிவு பண்ணது சார் அதுல இருக்கிறது," என்றார். "உங்க குரல் அப்ப ரொம்ப நல்லா இருந்தது." அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் ஒலிக்காரர் உள்ளே போய்விட்டார்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் உள்ளே மனைவி திடுக்கிட்டு எழுந்தார். "யாரு?" என்றார். குரலில் பயம். மந்திரவாதி சுவரைத் தட்டக் கையைத் தூக்கினார். கையில் பொம்மை இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினார்.

"என்னை யாராலும் அழிக்க முடியாது. மறுபடியும் வருவேன்," என்றது பொம்மை.

அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "வந்துட்டீங்களா," என்றார். "செருப்பை வெளிய விட்டீங்களா?"

அவர் இன்னொரு பொத்தானை அழுத்தினார். அந்தக் கொடூரமான சிரிப்பு வீடு முழுக்கக் கேட்டது.

"சரி. சிரிச்சா ஆமான்னு வெச்சுக்கறேன். வசனம் பேசினா இல்லன்னு." அந்த அம்மா கைகளை நீட்டி, தடவி, அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். எத்தனையோ நாளாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்விகள் அவரிடம் இருந்தன. "சாப்பிட்டீங்களா?" வசனம். "மறுபடியும் அங்க வேலையா?" சிரிப்பு. "மறுபடியும் சாகணுமா?" சிரிப்பு.

அந்த அம்மாவின் விரல்கள் அவருடைய கழுத்தில் அடையாள அட்டையின் கயிற்றைத் தாண்டி, துளையின் ஓரத்துக்கு வந்து நின்றன. மூச்சு சூடாக விரலில் பட்டது.

"வலிக்குதா?"

மந்திரவாதியின் விரல் சிரிப்புப் பொத்தானைத் தொட்டுவிட்டு மற்றதற்கு நகர்ந்தது. பிறகு அழுத்தினார்.

"என்னை யாராலும் அழிக்க முடியாது. மறுபடியும் வருவேன்."

"பொய் சொல்றீங்க," என்றார் மனைவி. "கடைசில ஒரு படி இறங்குது."